ராக்குவின் விண்ணப்பம் உமையாள் கடையிலிருந்து போன கதை

உச்சிப்புளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த உமையாள் அக்காவுக்கு, "சர்வர் பிசி, நாளைக்கு வாங்க" என்று ஆளைத் திருப்பி அனுப்பத் தெரியாது. பாலிடெக்னிக் படித்தவர். வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தால் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

2008 ஜூலையில் ஒரு நாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது, மணி நாலரை. மிளகாய்க் காட்டில் கூலி வேலை செய்யும் பொன்னுச்சாமியின் மகள் ராக்கு, மூன்று முறை படிவத்தை நிரப்பிவிட்டாள். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தியதும், படங்கள் நிறைந்த அந்தக் கல்லூரி இணையப் பக்கம் பாதியில் நின்றுவிட்டது.

"படம் நமக்கெதுக்கு? விவரம் மட்டும் போனாப் போதும்" என்று அக்கா, கணினிக்குக் கட்டளைகளை எழுத்தாகவே தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தார். 'கர்ல்' என்று தொடங்கி ஒரே கட்டளை. கல்லூரியின் இணைய முகவரி, பிறகு படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே ராக்குவின் விவரம். என்டரைத் தட்டினார். பதில் உடனே வந்தது: ரத்த வகை செல்லாது.

"என்ன தாயி, எம்மக ரத்தம் செல்லாதாமா?" என்றார் பொன்னுச்சாமி.

"ரத்தம் செல்லும்ணே. ஓ-வுக்குப் பின்னால போட்ட பிளஸ்ஸு அங்கன போய்ச் சேரல. நான் அனுப்புனதுலதான் கோளாறு."

மறுபடி அனுப்பினார். அதே பதில். மணி நாலே முக்கால்.

"கூட்டல் போகலேன்னா கழித்தலப் போட்டுவிடு தாயி. யாரு பாக்கப்போறா?"

"வேணாம்யா" என்றாள் ராக்கு. "நர்சுக்குப் படிக்கப் போறவ, என் ரத்தத்தையே மாத்திச் சொல்லவா?"

"அப்ப ஒரு வருசம் போகட்டுங்கிறியா?"

"போனாப் போகுது."

சொல்லிவிட்டாளே தவிர, கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. அக்கா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் பழைய நோட்டைப் புரட்டினார். இப்படி அனுப்பும்போது கூட்டல் குறியைக் கல்லூரியின் கணினி வெற்றிடமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகச் சதவீதக் குறி, இரண்டு, பி என்று எழுத வேண்டும். அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்தி என்டரைத் தட்டினார்.

நாலு ஐம்பத்தாறுக்குத் திரையில் ஒரு விண்ணப்ப எண் வந்தது. ராக்கு அதை இரண்டு தாளில் எழுதிக்கொண்டாள்.

"சீட்டு கெடச்சிருச்சா தாயி?"

"இல்லண்ணே. விண்ணப்பம் போய்ச் சேந்திருக்கு, அம்புட்டுத்தான். இனி அவ மார்க்கு பேசணும்."

"அது பேசும்க்கா" என்றாள் ராக்கு.