ஐஸ் பெட்டியும் அப்பாவின் சைபரும்

அப்பா பெயர் சின்னப்பையன். அறுபத்திரண்டு வயதிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அதற்கேற்பவே நடந்துகொண்டார். கல்மண்டபம் ஏரியாவில் ஆம்ப்ளிஃபையர் கட்டினார். மாதா கோயில், பள்ளிவாசல், கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர் பெட்டிதான். எல்லோரையும் ஏசுவார்.

அவர் கட்டும் பவர் சப்ளையில் பிளஸ் பதினைந்து வோல்ட், மைனஸ் பதினைந்து, நடுவில் சைபர். "பிளஸ்ஸு மாமியா, மைனஸு மருமவ. நடுவுல நிக்கிறவன் ஆடுனா வூடு பூரா ம்ம்முன்னு கத்தும்" என்பார். சைபர் ஒயர் அத்தனையும் ஒரே போல்ட்டில் வந்து சேர வேண்டும். வெளி ஒயர் எதுவும் அதில் ஏறினால் ஸ்பீக்கர் இரையும்.

மைனஸ் ரெகுலேட்டரின் முதுகுத் தகடு சைபர் அல்ல, அதில் வோல்டேஜ் இருக்கும். நடுவே கரன்ட் கடத்தாத மைக்காத் துண்டு வைக்காமல் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் முடுக்கினால் புகைதான். தெரிந்தே மறப்பார். புகை வந்ததும் பார்ட்ஸ் விற்ற கடைக்காரனின் பரம்பரையைத் திட்டுவார். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்ததும், "படிச்சிட்டல்ல, மைக்கா எட்து வை" என்றார்.

வேலை முடிந்தால் ஸ்பீக்கரில் காதை வைப்பார். "ஒண்ணும் கேக்கல. நல்லா கீது."

2006 மே மாதம் போய்ச் சேர்ந்தார். அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைத் தொட்டு அழுதவர்களுக்கெல்லாம் சுருக்கென்று ஷாக் அடித்தது. எங்கள் வீட்டு பிளக் பாயிண்டில் எர்த்துக்கான மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். ஊருக்கெல்லாம் சைபர் பார்த்தவர் சொந்த வீட்டுக்கு எர்த் போடவில்லை. ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் பக்கத்து வீட்டு ஷம்ஷாத் அக்காவிடம் லைன் எடுப்பார். அங்கே எர்த் உண்டு.

"செத்தும் தொட வுட மாட்றான் பாரு" என்றார் அவருடைய தோஸ்து பாஸ்கல். ஐஸ் பெட்டியிலிருந்து ஓர் ஒயரை இழுத்து, பாட்டுக்காக ஷம்ஷாத் அக்கா லைனில் போட்டிருந்த ஆம்ப்ளிஃபையரில் கட்டினார். அப்பாவின் அந்த ஒரே போல்ட்டில். ஷாக் நின்றது. சாவு கானா பாட வந்த பாரி மைக்கைப் போட்டான்.

ம்ம்ம்ம்ம். தெரு முழுக்க.

"இன்னா மகி, நைனாவே பாட்றாரா?" என்று என்னைக் கேட்டான் பாரி.

"நிறுத்து பாரி. இந்த சத்தத்தோட அவர அனுப்ப மாட்டேன்."

"வண்டி வந்துகினு கீது, மகி" என்றார் பாஸ்கல்.

"நிக்கட்டும், மாமா."

ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். பாஸ்கல் கட்டிய ஒயரைக் கழற்றினேன். ஷம்ஷாத் அக்கா ஜன்னல் வழியே இன்னொரு லைன் நீட்டினார். எர்த் உள்ள அந்த லைனில் ஐஸ் பெட்டியைச் செருகினேன். ஸ்பீக்கரில் காதை வைத்தேன்.

"இன்னா கேக்குது?" என்றார் பாஸ்கல்.

"ஒண்ணும் கேக்கல." அப்பா சொல்லும் மீதி எனக்கு வரவில்லை.

பாஸ்கல் ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்தார். ஷாக் அடிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

"நல்லா கீதாம்டா" என்றார், உள்ளே அப்பாவைப் பார்த்து.