நெருப்பு வாங்கப் போன வீடு

தெருமுனை இஸ்திரிக்காரர் வேலை முடித்துக் கங்குகளின் மேல் தண்ணீர் ஊற்றினார். அந்தச் சத்தத்தோடு நனைந்த சாம்பல் வாசமும் வந்தது. எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

எண்பதுகளில், கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருந்தோம். அம்மா தீக்குச்சியைக்கூட மிச்சம் பிடிப்பாள். சாயங்காலமானால் வறட்டித் துண்டைக் கையில் கொடுத்து, பக்கத்து வீட்டு அடுப்பில் பற்றவைத்து வரச்சொல்லி என்னை அனுப்புவாள். ஒருநாள் அந்த வீட்டு அத்தை என்னைக் கண்டதும், எரிகிற விறகை வெளியே இழுத்துச் செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

"நெருப்பு இல்ல பாப்பா. உங்கம்மாவ ஒரு தீப்பெட்டி வாங்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா வறட்டித் துண்டை வாங்கி மூலையில் வைத்தாள்.

"வூட்டுல இருக்கற தீப்பெட்டி மழக்காலத்துக்கு வேணும். இன்னிக்கிப் பழைய களியே போதும்."

அன்று அடுப்பே எரியவில்லை.

சில வருடம் கழித்து, ஒரு மழைநாளில் அம்மா செத்துப்போனாள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றத் தீப்பெட்டி தேடினோம். அவளுடைய டிரங்குப்பெட்டிக்குள், சேலைக்கடியில் பிரிக்காத தீப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தோம். எல்லாம் நமுத்துப்போயிருந்தன.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு அந்த அத்தை வீட்டுக்குத்தான் போனேன். அன்றைக்கு அவள் அடுப்பை அணைக்கவில்லை.