தாய் இறால் அறையில் நடுக்கம்

என் உம்மா மர்ளியா, கற்பிட்டி வீதியில் கடலை ஒட்டிய ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் பதினொரு வருடங்கள் வேலை செய்தார். முட்டையிடவிருக்கும் தாய் இறால்கள் அவர் பொறுப்பு. அந்த அறையில் செருப்புப் போடக்கூடாது, பேசக்கூடாது. கதவுச் சட்டத்தில் துணி சுற்றியிருக்கும். அதிர்ச்சி பட்டால் தாய் இறால் துள்ளிச் சுவரில் மோதும். முட்டையை இடாமல் உடம்புக்குள்ளேயே கரைத்துவிடும். இருமல் வந்தால் உம்மா வெளியே ஓடுவார்.

"என்ட பொஞ்சாதி புள்ள பெத்த ஆஸ்பத்திரியிலயும் இவ்வளவு அமைதி இரிக்கல்ல," என்பாராம் முதலாளி ஹாசிம் ஹாஜியார்.

"அதுதான் உங்கட புள்ளைகள் இந்தக் கத்துக் கத்துதுகள்," என்பாராம் உம்மா.

சென்ற வருடம் ஹாஜியார் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் புளோவரை மாற்றினார். இயந்திர அதிர்வை அளப்பது என் தொழில். உம்மா சொல்லி, நானே போய்ப் புதியதைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தேன். இடத்தையும் நான்தான் தெரிந்தெடுத்தேன்: தாய் இறால் அறைச் சுவருக்கு மறுபக்கம், அதே கொங்கிரீட் தளம். குழாய் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் வாரம் உம்மா தொலைபேசியில் பேசினார். "மகள், தொட்டியில கைய வெச்சா நடுங்குது. தண்ணி மேல சின்னச் சின்ன வளையம் வருது. இறால் தீன் எடுக்குதில்ல."

போய் மோட்டாரில் அளந்தேன். அதிர்வு, அனுமதித்த வரம்பில் பாதிதான். "மெஷின் நல்லா இரிக்கி உம்மா. சும்மா மனசக் குழப்பாதீங்க."

"ஓம், நீ படிச்ச புள்ள," என்றார். பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை.

தாய் இறால்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கவனம் போதாது என்று ஹாஜியார் உம்மாவை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பேச்சு பரவி, வேறு பொரிப்பகமும் அவரை எடுக்கவில்லை. வேலை போன ஐந்தாம் மாதம் மாரடைப்பில் மௌத்தானார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு, உம்மா சொன்ன தண்ணீர் வளையங்களை நினைத்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. நான் ஒப்பிட்ட வரம்பு, மோட்டாரின் பேரிங் தேயாமல் இருப்பதற்காக வகுத்தது. அதில் இறாலுக்கு இடமில்லை. கருவியைக் கொண்டுபோய் இம்முறை தொட்டிச் சுவரில் வைத்தேன். மோட்டாரில் இருந்ததைப் போல் மூன்று மடங்கு. புளோவர் சுழலும் வேகமும் தொட்டிச் சுவர் இயல்பாக அசையும் வேகமும் ஒன்றாகப் பொருந்தி, சிறிய நடுக்கத்தைப் பெருக்கியிருந்தன.

ஹாஜியாரிடம் காட்டினேன். "பிழை என்ட. உம்மாட இல்ல. இத நீங்க இங்க வேல செய்றவங்களுக்குச் சொல்லோணும்."

"மெஷினுக்கு அடியில ரப்பர் வெப்போம். மௌத்தான ஆளுக்கு இனி இது என்னத்துக்கு, மகள்?"

நானே சொல்லப் போனேன். உம்மாவோடு வேலை செய்து, இப்போது அவர் வேலையைப் பார்க்கும் அஸ்ரியா வெளியே வாளி கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"எங்களுக்குத் தெரியும்," என்றாள். "ஒருநாள் கரண்ட் போய் மெஷின் நிண்ட அரை மணித்தியாலமும் இறால் துள்ளாம அடங்கிப் போச்சு. உங்கட உம்மாதான் எங்களக் கூப்பிட்டுச் சொன்னா, 'ஹாஜியார்ட காதுல போட்டிராதீங்க, என்ட மகள் பூட்டின மெஷின், அவள்ட பேர் கெட்டிரும்' எண்டு."

மறுநாள் புளோவரைக் கழற்றித் தனித் தளத்தில் பூட்டினேன். இரண்டு அளவீடுகளையும் என் பிழையையும் எழுதிக் கையொப்பமிட்டு ஹாஜியாரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

இன்னொரு பிரதியைப் பொரிப்பகத்தின் வாசற்கதவில் ஒட்டினேன். உம்மா மறைத்த என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.