கஸ்டமர் எதிரில் பேசிய தமிழ்

புனேயின் ஹடப்சர் தொழிற்பேட்டையில் பாட்டில் நிரப்பும் இயந்திரம் ஒன்று நின்றுபோயிருந்தது. அந்த ஆலையின் முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் மேடத்தையும் என்னையும் பார்த்தபடி இருந்தார். மேடம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னார்: "தப்பு நம்மளுதுதான். மூஞ்சிய மட்டும் சிரிச்சா மாதிரி வெச்சிக்கோ." நானும் சிரித்த முகத்தோடு, "பாட்டில் வர்றதுக்கு முன்னாடியே மூடி விழுகுதுங்க மேடம், டைமர கொஞ்சம் தள்ளிப் போட்டாச் சரியாப் போயிருமுங்க" என்றேன். முதலாளி மரியாதையாகத் தலையாட்டினார். ஏதோ பெரிய நுட்பம் பேசிக்கொள்கிறோம் என்று நினைத்திருப்பார். அவர் வரவழைத்த டீ ஆறுவதற்குள் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

அது என் முதல் வேலை. ஆலை இயந்திரங்களை இயக்கும் புரோகிராம்களை எழுதித் தரும் சின்ன கம்பெனி. மேடம்தான் அதை நடத்தினார். எழுதியதோடு வேலை முடியாது. ஆலைக்கே போய், இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரை அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். மேடத்தின் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து புனே கட்கியிலுள்ள வெடிமருந்து ஆலைக்கு வேலைக்கு வந்தவர். மேடம் பிறந்தது, வளர்ந்தது, வாழ்வது எல்லாம் கட்கியில். தமிழ் படிக்கத் தெரியாது. பேச்சில் பாதி இந்தி. "அந்த ஸ்விட்ச்ச ஜல்தி பந்த் பண்ணுமா, தியான் எங்க கீது உனக்கு?" என்பார். சீக்கிரம் நிறுத்து, கவனம் எங்கே என்று அர்த்தம். நான் பொள்ளாச்சிக்காரி. "நீ இத்தினி 'ங்க' போட்டு முடிக்கறதுக்குள்ள மோட்டர் எரிஞ்சி பூடும்" என்று கிண்டல் செய்வார். ஊரில் அந்தத் தமிழைக் கேட்டிருந்தால் நான்தான் சிரித்திருப்பேன். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. இந்தி அரைகுறையாகவும் மராட்டி அறவே இல்லாமலும் புனேயில் வந்து இறங்கியவளுக்கு அது தித்தித்தது.

பிறகு நானும் எல்லோரையும் போலப் புனேயிலேயே கராடியில் ஒரு பெரிய கம்பெனிக்கு மாறினேன். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கல்யாணப் பேச்சில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் கிடைத்துவிட்டதல்லவா. அங்கே நான் உப்புக்குச் சப்பாணி. யாரோ எங்கோ ஓட்டப்போகும் ஏதோ ஒரு புரோகிராமின் சிறு துண்டை எழுதுவேன். அது ஓடுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. தமிழ்க்காரர்கள் அங்கே இல்லாமலில்லை. லிஃப்டில் அவர்கள் போனில் வீட்டாரோடு தமிழ் பேசுவார்கள், போனை வைத்ததும் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் குட் மார்னிங் சொல்வார்கள். நானும் அதையேதான் செய்தேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு இயர்போன். சனிக்கிழமை ஃப்ளாட்டுக்குள் போனால் திங்கள்கிழமை பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போதுதான் நேரில் ஒரு மனுஷனிடம் வாய் திறப்பேன். அம்மா போன் செய்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பேன். நன்றாக இல்லை. தனிமை என்னைத் தின்றுகொண்டிருந்தது.

அப்படி ஒரு நாளில்தான் மேடம் கூப்பிட்டார். "திரும்பி வந்துடேன். உன் சீட்டு அங்கியேதான் கீது. பூஜைக்கு ஆபீசுக்கு வா, வந்து பதில் சொல்லு." போனை வைப்பதற்கு முன்பே மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "வேண்டாமுன்னு வந்த எடத்துக்கு மறுக்காப் போனா மதிப்பாங்களா கண்ணு?" என்றார். மதித்தால் என்ன, மதிக்காவிட்டால் என்ன, திட்டுவதற்காவது ஒரு ஆள் இருக்கிறாரே என்று தோன்றியது எனக்கு.

நம் ஆயுத பூஜைதான் இங்கே கண்டே நவமி. போனபோது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் செண்டுமல்லி சாத்தியிருந்தார்கள். என் பழைய இடத்தில் சாத்தாராவிலிருந்து வந்த ஒரு மராட்டிப் பெண் உட்கார்ந்து, கீபோர்டுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியில் இருந்த தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, "நீங்கள் திரும்பி வருகிறீர்களாமே, உட்காருங்கள்" என்றாள் இந்தியில். நான் உட்காரவில்லை. மேடம் பேடா தட்டோடு வந்தார். சுற்றிலும் கம்பெனி ஆட்கள், பூஜைக்கு வந்த இரண்டு கஸ்டமர்கள். அத்தனை பேருக்கும் நடுவில், முகத்தில் அதே சிரிப்போடு, மேடம் தமிழில் பேசத் தொடங்கினார்.

"எங்கம்மா பூட்டாங்கமா. மழைக்கு முன்னாடியே. உங்கிட்ட சொல்லல. ஊட்ல அவரு ஹிந்தி, புள்ளைங்க மராட்டி. அம்மா கிட்டதான் நான் தமிழ் பேசுவேன், அப்பறம் உங்கிட்ட. இப்போ ரெண்டு பேரும் இல்ல." ஒரு கஸ்டமருக்குப் பேடா கொடுத்து நமஸ்கார் சொன்னார். திரும்பி, "வேலைய இந்தப் பொண்ணே நல்லா பண்ணுது. பொய் சொல்ல மாட்டேன், உன்ன வேலைக்கோசரம் கூப்புடல. இவள வேற எங்கனா உக்கார வெச்சிக்கலாம்" என்றார். எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். சம்பளம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத்தான் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

பதில் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே யோசனை. அவருக்கு எது வேண்டுமோ அதுவேதான் எனக்கும் வேண்டியிருந்தது. அது வேலை இல்லை. போனால் முதல் வாரம் பண்டிகை போல இருக்கும். அப்புறம்? அந்தச் சாத்தாராப் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் மேடமும், பேச்சுக்கு வழி கிடைக்கட்டும் என்று ஏதாவது இயந்திரம் நிற்காதா எனக் காத்திருப்போம். வேலை கற்றுக்கொள்ள வேண்டிய வயதை அப்படிக் கழிக்க முடியாது என்று ஒரு மனம் சொன்னது. இந்த ஊரில் உன்னை வேறு யார் கூப்பிட்டார்கள் என்று இன்னொரு மனம் கேட்டது. ஆனாலும் போனை எடுத்தேன்.

"வேலைக்கு வரலீங்க மேடம். தமிழ் பேசறதுக்கு வேலை எதுக்குங்க? லீவு நாள்ல கட்கிக்கு, உங்க ஊட்டுக்கே வர்றனுங்க" என்றேன். எவ்வளவு பக்குவமாகச் சொல்லிவிட்டோம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மேடம், "கோயி பாத் நஹீ, பேட்டா" என்றார். பரவாயில்லை மகளே, உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாக முன்னுக்கு வா என்று இந்தியிலேயே சொல்லி முடித்தார். கோபமே இல்லாத, சுத்தமான இந்தி. பில் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் கஸ்டமர்களிடம் அவர் பேசும் இந்தி அது.

கட்கிக்கு நான் போனேன். அவர் கணவர், பிள்ளைகள் எல்லோருடனும் கூடத்தில் உட்கார்ந்து, அவலில் செய்த போஹா சாப்பிட்டேன். மேடம் அவர்களுக்கும் புரியட்டும் என்பது போல இந்தியிலேயே பேசினார். அப்புறமும் போயிருக்கிறேன்.

கராடியில் இப்போது எனக்குக் கீழே ஒரு டீம் இருக்கிறது. எடுத்த முடிவு சரிதான், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். தீபாவளிக்கு மேடத்துக்குப் போன் செய்வேன். நல்லா இருக்கீங்களா மேடம் என்று தமிழில்தான் ஆரம்பிப்பேன். அவர் இந்தியில் பதில் சொல்வார். புனேக்கு வந்து இத்தனை வருஷமாகிவிட்டது. அவர் சொல்வதில் ஒரு சொல்கூட இப்போது எனக்குப் புரியாமல் போவதில்லை.