மீமிசல் சேற்றில் கோட்டான் நண்டு தின்றதைப் பார்த்தோம்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். கல்யாணமாகி எங்களுக்கு முதல் பொங்கல் விடுமுறை. புதுமணத் தம்பதிகள் கொடைக்கானல் போவார்கள். நாங்கள் மீமிசல் கடலோரச் சேற்றுக்குப் போனோம். காரணம் என் மனைவி மீனாட்சி. பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. வடக்கே குளிர்நாடுகளிலிருந்து குதிரைமலைக் கோட்டான் என்றொரு பறவை வரும். பெயரைக் கேட்டு ஆந்தை என்று நினைக்க வேண்டாம்; அரிவாள்போல் வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை. நண்டின் கால்களை உதறிக் கழற்றிவிட்டுத்தான் விழுங்கும் என்றாள் மீனாட்சி. நான் நம்பவில்லை. "வாங்க, காட்டுறேன்" என்றாள்.

புதுக்கோட்டையில் காலை ஆறு மணி பஸ். அறந்தாங்கியில் மாறி மீமிசல். அங்கிருந்து கடற்கரைக்கு ஒன்றரை மைல் நடை. கடல் உள்வாங்கியிருந்தது. சேறெல்லாம் பறவைகள்! கொசு உள்ளான்கள் தையல் மிஷின் ஊசிபோல் விடாமல் குத்திக்கொண்டே நகர்ந்தன. உப்புக்கொத்திகள் ஓடும், சட்டென்று நிற்கும், கண்ணில் பட்ட புழுவை மட்டும் கொத்தும். ஒரே சேற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பந்தி. எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

கோட்டான்கள் மட்டும் தொலைவில் நின்றன. மீனாட்சி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரத்தில் முழங்கால்வரை புதைந்தாள். இழுக்கப் போன நானும் புதைந்தேன். காலை உருவ உருவ இன்னும் உள்ளே போனது. அதற்குள் கடல்நீர் ஏறத் தொடங்கிவிட்டது. உதவிக்குக் கூவ வாயெடுத்தேன்.

"கத்தாதீங்க, பறந்துரும்!"

"தண்ணி ஏறுது மீனா!"

"அதனாலதாங்க அதுங்க இங்கிட்டு வருது!"

உண்மைதான். நீர் ஏற ஏறச் சேறு சுருங்கி, பறவைகள் எங்கள் பக்கமாக ஒதுங்கின. நான் சத்தமில்லாமல் துண்டை வீசினேன். தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த காதர் என்ற மீனவர் பார்த்துவிட்டார். அவர் தோணியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வதற்குள் தண்ணீர் தொடையைத் தொட்டது.

"ரெண்டு பேரும் மல்லாக்க சாஞ்சு தோணியப் புடிங்க. காலு தானா வந்துரும்."

"அண்ணே, ஒரு நிமிசம்!" என்றாள் மீனாட்சி.

பத்தடி தள்ளி, இன்னும் மூழ்காத மேட்டில் ஒரு கோட்டான் அலகை அடிவரை வளைக்குள் விட்டு நண்டை உருவியது. ஓங்கி உதறியது. ஒரு கால் பறந்தது. இன்னொரு உதறல், இன்னொரு கால். பிறகு ஒரே விழுங்கு!

"பாத்தீங்களா!" மீனாட்சி போட்ட கூச்சலில் அத்தனை பறவையும் ஒன்றாக எழும்பிவிட்டது.

காதர் சிரித்தார். "இப்பவாச்சும் ஏறுறீங்களா, தங்கச்சி?"

அவர் சொன்னபடியே சாய்ந்தோம், கால்கள் விடுபட்டன. சேறும் சிரிப்புமாகத்தான் ஊர் திரும்பினோம்.

போக நினைப்பவர்கள் தையில் போங்கள். கடல் ஏறும் நேரத்தைக் கரையில் விசாரித்துக்கொள்ளுங்கள். சேற்றில் இறங்க வேண்டாம். ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்தால் ஏறும் நீரே பறவைகளைக் கொண்டுவந்துவிடும். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் பறவையைப் பார்க்க, இன்னொருவர் தண்ணீரைப் பார்க்க. எங்கள் வீட்டில் இரண்டாவது வேலை இன்றுவரை எனக்குத்தான்.