நிமிர மறுத்த முன்சக்கரங்கள்

என் காரின் முன்சக்கரங்கள் இரண்டும் காலை அகட்டி வைத்து நிற்கும் ஆளைப்போல் நின்றன. அடிப்பக்கம் வெளியே, மேல்பக்கம் உள்ளே. வாங்கும்போது அதை நான் அழகு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் வைத்திருந்த பையன் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். நல்ல மாம்பழ மஞ்சள் வேறு. நாற்பதைத் தாண்டி லைசென்ஸ் எடுத்தவள் நான். அந்த நிறத்தைப் பார்த்த பிறகு சக்கரம் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா?

வீடு இண்டூரில். வேலை வத்தல்மலையில், பள்ளிக்கூடத்தில். கார் வருவதற்கு முன் இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். மலை பஸ்ஸை விட்டால் அன்றைக்கு லீவு சொல்ல வேண்டியதுதான். சாயங்காலம் இறங்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று கடைசி பீரியடில் பாடத்தைவிட ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பேன். கார் வந்த பிறகு அந்தப் பதைப்பு போயிற்று. பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்ல முடிந்தது. இறங்கும் வழியில் வண்டியை ஓரம்கட்டி, கீழே தெரியும் ஊர்களை வேடிக்கை பார்க்க முடிந்தது. என் சம்பளத்தில், நானே ஆசைப்பட்டு, யாரையும் கேட்காமல் வாங்கிய ஒரே பெரிய பொருள் அது.

ஆனால் டயரைத் தின்றது. வெளியே இருந்து பார்த்தால் புது டயர். உள்பக்க ஓரத்தில் என் கணவர் கையை விட்டுத் தடவியபோது கம்பி குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கரண்ட் ஆபீஸில் வேலை செய்பவர். மழையில் கம்பம் ஏறச் சொன்னாலும் ஏறுவார். நான் கார் சாவியை எடுத்தால் மட்டும் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

முதலில் ஸ்பிரிங்கைப் பழையபடி மாற்றினோம். உயரம் வந்தது, சக்கரம் நிமிரவில்லை. பையன் எங்கோ பள்ளத்தில் விட்டு அடி வாங்கியிருக்க வேண்டும். தர்மபுரியில் சக்கரம் பார்க்கும் கடையில், இந்த வண்டியில் சாய்வைத் திருத்தக் கம்பெனி வழி எதுவும் வைக்கவில்லை, ஜாக்கி கொடுத்து நெம்பி நெளித்துவிடலாம் என்றார்கள். "மலை இறங்குற வண்டிங்க. நெளிச்ச இரும்பை நம்பி நான் எறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கணவர் வேறு கதையை ஆரம்பித்தார்.

"இந்த வண்டியை வித்துடலாம்மா. நீ மலை எறங்கி வூடு வந்து சேர்ற வரைக்கும் நான் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"வித்துட்டு?"

"பழையபடி பஸ்ல போ. டிரைவருக்கு அந்த ரோடு பழக்கம்."

"எனக்கு மட்டும் என்ன, நேத்துதான் பொறந்தேனா?"

அவரோ எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தார். காரிமங்கலத்தில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்ப்பாராம், பிடித்தால் அன்றைக்கே எடுத்துக்கொள்வாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, விற்பதற்கு முன் என் கணவரே சக்கரத்தை நிமிர்த்தப் போகிறாராம். "கோணலா இருக்கற வண்டியை அடுத்தவங்க தலையில கட்டக் கூடாது பாரு" என்றார். ஆன்லைனில், சக்கரத்தின் சாய்வைத் திருத்தும் கேம்பர் கிட் ஒன்றை வரவழைத்தும் விட்டார். நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டால் வரும் தொல்லை இதுதான். சண்டை போடக்கூட சரியான காரணம் கிடைக்காது.

சரி, நிமிரட்டும் என்று நானும் கூட நின்றேன். நிமிர்ந்துவிட்டால் விற்க மனம் வராது என்பது என் கணக்கு. நிமிர்ந்துவிட்டால் நிம்மதியாக விற்கலாம் என்பது அவர் கணக்கு. ஒரே போல்ட்டை இருவரும் இரண்டு ஆசையோடு பிடித்துக்கொண்டோம்.

கிட் என்றதும் பெரிதாக ஏதோ வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். பெட்டியைப் பிரித்தால் இரண்டே இரண்டு போல்ட்டுகள், அவற்றுக்கு நட்டும் வாஷரும். சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. போல்ட்டின் உடம்பு ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது. ஒவ்வொரு பக்கமும் ஷாக் அப்சார்பரின் அடியைச் சக்கரத்தோடு பிணைக்க இரண்டு போல்ட்டுகள் உண்டு. அதில் மேலே இருப்பதைக் கழற்றிவிட்டு இதைப் போட வேண்டும். புடைப்பைத் திருப்பத் திருப்ப, சக்கரத்தின் தலை வெளியே வரும் அல்லது உள்ளே போகும். எவன் கண்டுபிடித்தானோ, அவன் கைக்கு ஒரு தங்கக் காப்பு போடலாம்.

சனிக்கிழமை காலை வாசலில் வேலையைத் தொடங்கினோம். காலையில் கிளம்ப வசதியாக இருக்கும் என்று நான் எப்போதும் ரிவர்ஸில்தான் வண்டியை உள்ளே விடுவேன். எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. அதனால் கார் கேட்டைப் பார்த்து, கிழக்கு முகமாக நின்றது. கணவர் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி, இரவல் வாங்கி வந்த ஸ்டாண்டுகளை அடியில் கொடுத்தார். எத்தனை அவசரமானாலும் வெறும் ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது என்பதில் அவர் கறார். நான் சக்கரத்தின் நடுப்பாகம் தொங்கிவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். துருப்பிடித்த பழைய போல்ட்டு வெளியே வர ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் அடம் பிடித்தது.

நிமிர்வை அளக்க, வீடு கட்டியபோது மிஞ்சிய தூக்குக்குண்டை எடுத்து வந்தேன். சக்கரத்தின் நடுவே நூல் தொங்க, மேல் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்ட வேண்டும். அப்போதுதான் அது தன் எடையில் சரியாக உட்காரும். இதையெல்லாம் சமதரையில் செய்ய வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் மண் ரோட்டில் செய்யாமல், சிமெண்ட் போட்ட எங்கள் வாசலில் செய்தோம்.

இடது சக்கரம் கொஞ்சம் திருப்பியதுமே நிமிர்ந்தது. வலது சக்கரத்துக்கு போல்ட்டைத் திருப்பிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

"அந்தப் பையன் வலது பக்கத்தைத்தான் பள்ளத்துல விட்டிருக்கான்" என்றார் கணவர், நேரில் பார்த்தவர் மாதிரி.

கடைசியில் இரண்டும் நூலோடு நூலாக நின்றன. நான் தூர நின்று பார்த்தேன். என் வண்டி முதல் தடவையாக ஒழுங்காக நிற்பதாகப் பட்டது. அவரைக் கூடக் கூப்பிடாமல் ஏறி பென்னாகரம் ரோட்டுக்கு ஓட்டிப் போனேன்.

ரோட்டில் ஏறியதும் வண்டி வலது பக்கம் இழுத்தது. எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி அந்தப் பக்கமே போகிறது. இடது பக்கம் பிடித்துப் பிடித்துக் கை வலித்துப் போனது. மெதுவாக உருட்டிக்கொண்டு திரும்பினேன். வந்த கோபத்தில் ரிவர்ஸாவது மண்ணாவது, வீட்டைப் பார்த்தபடியே நேராக வாசலுக்குள் விட்டு நிறுத்தினேன்.

"முன்னாடி டயரைத்தான் தின்னுச்சு. இப்ப ஆளையே தின்னும் போல" என்றேன்.

"நூலை நீதானே புடிச்ச?"

"திருப்புனது யாருங்க?"

அவர் குண்டை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தினார். பார்த்தார். எழுந்து அடுத்த பக்கம் போய்ப் பார்த்தார். இரண்டு சக்கரங்களும் தலையை ஒரே பக்கம் சாய்த்து, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவர்களைப் போல நின்றன. சற்று முன் நூல் பிடித்தது மாதிரி நின்ற அதே சக்கரங்கள். போல்ட்டு தளர்ந்துவிட்டதோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். எனக்கு அழுகை முட்டியது. கோணல் போகாவிட்டால் அவர் பயம் போகாது. அவர் பயம் போகாவிட்டால் வண்டி போய்விடும். மறுபடி பஸ், மறுபடி ஜன்னல்.

அந்த நேரத்தில் என் மாமியார் வெளியே வந்தார். வாசல் முழுக்க கிரீஸ் கறை. அதைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்துக்கு முன்னால் என்னுடையதெல்லாம் ஒன்றுமில்லை. "வெள்ளி சனியில வாசலை இந்தக் கோலம் பண்ணி வச்சிருக்கீங்களே" என்று முணுமுணுத்தபடி, சோப்புத்தூளைத் தூவி, ஒரு வாளித் தண்ணீரை விசிறி ஊற்றினார். தண்ணீர் காருக்கு அடியில் புகுந்தது. ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல், கற்றுக்கொடுத்த பிள்ளை மாதிரி, வடகிழக்கு மூலையைப் பார்த்து ஓடியது.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் எந்த விஷயத்திலும் மூன்று பேருக்கும் ஒத்துப்போனது கிடையாது. ஒன்றே ஒன்றைத் தவிர. வாசல் தண்ணீர் ஈசானிய மூலைக்குத்தான் வடிய வேண்டும், அதுதான் வாஸ்து. மேஸ்திரி லேசாகச் சரித்தது போதாது என்று மாமியார் சொல்ல, நான் மேஸ்திரியின் தலைமேல் நின்று இன்னும் சரிக்க வைக்க, இவர் வாளியோடு வந்து மூன்று தடவை ஊற்றிச் சரிபார்த்துவிட்டுத்தான் மேஸ்திரியைப் போக விட்டார். அப்படிப் பாடுபட்டுச் சரித்த வாசலில் காரை நிறுத்திவிட்டு, சக்கரம் சாய்கிறது, சக்கரம் சாய்கிறது என்று காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறோம். வாசலின் சாய்வையும் சேர்த்துத்தான் சக்கரத்தில் திருத்தியிருக்கிறோம். வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் அது இரண்டு மடங்காகக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அவர் ஈரத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். மாமியார் வாளியோடு நின்று எங்களைப் பார்த்து, "என்னத்தைக் கண்டுட்டீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. உங்க மூலை நல்லா வேலை செய்யுது."

"பின்னே?" என்றார் அவர், திருப்தியாக.

வாசலை இடிக்க முடியாது. இடித்தால் மாமியார் எங்களை இடிப்பார். வண்டியைத்தான் சமமாக்க வேண்டும். பாத்ரூமுக்கு வாங்கி மிஞ்சிய டைல்ஸ் மாடியில் கிடந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதைப்போல ஒரு முனையை இவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு டைலாக அடுக்கி, நான்கு சக்கரத்தின் இடமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை விடவில்லை. பிறகு வண்டியை மெதுவாக அதன்மேல் ஏற்றினேன். ஒரு டைல்கூட விரியவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

மறுபடி நூல், மறுபடி போல்ட்டு. இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் திருப்ப வேண்டியிருந்தது. பள்ளத்தில் விட்ட பழியிலிருந்து அந்தப் பையனின் வலது சக்கரம் தப்பித்தது. செங்குத்தாக நிறுத்தாமல், தலை இம்மி உள்ளே சாய்ந்தபடி, இரண்டையும் ஒன்றுபோல வைத்தோம். வளைவில் வண்டி பிடித்துத் திரும்ப அந்த இம்மி வேண்டும். புடைப்பு நகராமல் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, சரியான இறுக்கம் வந்ததும் டிக்கென்று சத்தம் போடும் ஸ்பேனரால் அவர் மறுபக்கம் இறுக்கினார். அந்த டிக் சத்தத்தைக் கேட்டதும் சந்தோஷத்தில் அவர் முதுகில் ஒன்று வைத்தேன். கிரீஸ் கை அப்படியே சட்டையில் பதிந்தது.

சக்கரத்தின் தலையை நிமிர்த்தினால் மூக்கும், அதாவது அது பார்க்கும் திசையும், கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை அதே தர்மபுரிக் கடைக்குப் போய் அலைன்மெண்ட் பார்த்தோம். மூக்கைத் திருத்தி முடித்ததும் திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. கடையை விட்டு வெளியே வந்ததும் நான் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க போற?"

"மலைக்கு. நீங்க ஒரு தடவையாவது பக்கத்துல உக்காந்து பாருங்க."

அதுவரை அவர் என்னோடு மலை ஏறியதே இல்லை. ஏறும்போது மேலே இருக்கும் கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் ஹாரன் கொடுத்து, ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி, பிரேக்கைப் போட்டு அழுத்தாமல் இரண்டாவது கியரிலேயே விட்டேன். வண்டி சொன்ன இடத்தில் திரும்பியது, திரும்பிய இடத்திலிருந்து தானாக நேரானது. எத்தனையோ நாள் அதோடு மல்லுக்கட்டி இறங்கியவளுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பாட்டு வந்தது, பாடினேன். பாதி மலையில் அவர் கைப்பிடியை விட்டுவிட்டார். அடிவாரம் வருவதற்குள் கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் காரிமங்கலத்துக்காரர் காத்திருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய், பென்னாகரம் ரோட்டில் நன்றாகவே ஓட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவ்வளவு பாடுபட்டு நிமிர்த்தி வைத்தது இவருக்குத்தானா?

"கையை விட்டாலும் நூல் புடிச்சாப்ல போவுதுங்க. நான் எடுத்துக்கறேன்" என்றார்.

என் கணவர் தலையைச் சொறிந்தார். "அண்ணா, மன்னிச்சுக்குங்க. விக்கலீங்க."

"அப்புறம் எதுக்குங்க வரச் சொன்னீங்க?"

"நேத்து வரைக்கும் விக்கறதாத்தான் இருந்தேன். வண்டி கோணலுன்னு பயமில்லீங்க, இவ ஓட்டறான்னுதான் பயம். இன்னிக்கு இவ மலையில வண்டியை எறக்குறப்பவே நான் பக்கத்துல தூங்கிட்டேன்" என்றார்.

வந்தவர் சிரித்துவிட்டு, சாவியை என் கணவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. என் பக்கம் கையைக் காட்டி, "அவகிட்ட குடுங்க" என்றார்.