ஸ்டெல்லாவுக்கு வந்த செருப்பு

புதுவாயலில் எங்கள் தெருவில் பகல் நேரத்தில் ஆள் இருக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதுவதை இங்கே யாரும் வேலையாக நினைப்பதில்லை. அதனால் டெலிவரிக்கு வருகிறவர்கள் தெரு மொத்தத்தின் பார்சலையும் என் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

அதுவும் கிறிஸ்மஸ் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். ஸ்டார், சீரியல் லைட், கேக், பிள்ளைகளுக்கு ஃப்ராக்... எல்லாமே ஆன்லைன்! என் ஹால் குடோன் ஆகிவிடும்.

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. போன் ஆர்டர் போட்டவனுக்கு சோப்புக்கட்டி வந்தது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு எந்த டப்பாவின் மேலும் நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். குலுக்கினால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

போன வாரம் எதிர்வீட்டு ஸ்டெல்லா பெயருக்கு ஒன்று வந்தது. கும்மிடிப்பூண்டியில் கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். சாயங்காலம், லாரி ஓட்டும் கணவன் டேவிட்டோடு வாங்க வந்தாள்.

"நான் ஒண்ணும் ஆர்டர் போடலியேண்ணா..."

எனக்குள் இருந்த போலீஸ்காரன் எழுந்துவிட்டான். "தொடாதே! உள்ளே க்யூஆர் கோடு வைத்திருப்பான். ஸ்கேன் பண்ணினால் அக்கவுண்ட்டையே துடைத்துவிடுவான்!" என்றேன். டேவிட்டை வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு நானே பிரித்தேன்.

உள்ளே ஒரு ஜோடி செருப்பு. மெரூன் கலர், பூப்போட்டது. அனுப்பியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

"ஐய... இது என் கிறிஸ்மா அனுப்ச்சது!" ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

டிசம்பரில் கம்பெனிகளில் ஆடும் விளையாட்டுதான். சீட்டு எடுப்பார்கள். யார் பெயர் வந்ததோ அவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்க வேண்டும். கொடுப்பவர் கிறிஸ்மா. யாரென்று பார்ட்டியில்தான் தெரியும். முன்பு பரிசை யாரும் பார்க்காமல் லாக்கரில் வைத்துவிடுவார்கள். இப்போது செக்யூரிட்டி பார்சலை உள்ளே விடுவதில்லை. ஆகவே ஆன்லைனில் ஆர்டர், நேராக வீட்டு விலாசத்துக்கு! விளையாட்டு வாசல் வரை வந்துவிட்டது.

"ஆம்பளைங்களும் ஆடறாங்களா?" டேவிட் கேட்டான்.

"எல்லாரும்தான்."

ஸ்டெல்லா செருப்பைப் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. டேவிட்டின் முகம் மாறிவிட்டது.

"உன் கால் சைஸு அவனுக்கு எப்டி தெரியும்?"

"அதானே?" என்றேன் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்!

அன்று பிடித்தது சனியன். அவள் குளிக்கப் போனால் போனை நோண்டுகிறான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவது யார் என்று விசாரிக்கிறான். அவள் பாவம், கூட வேலை செய்கிறவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. விளையாட்டு ஆயிற்றே!

"பார்ட்டி வரிக்கும் பாப்பேன். எவன்னா ஆம்பளையா இருந்தான்னு வெச்சிக்கோ... ஜனவரிலேர்ந்து ஊட்லயே இரு" என்று அவன் கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது.

அந்த வேலைக்காக அவள் எத்தனை கம்பெனி கேட்டில் கால்கடுக்க நின்றாள் என்று தெருவுக்கே தெரியும். சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான் அவள் நிமிர்ந்து நடந்தாள். அதைப் பிடுங்க ஒரு செருப்பு போதுமா?

பார்ட்டி நாள் வந்தது. கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு டேவிட் வாசலில் நின்றான். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் நானும் நின்றேன்.

"யாரு?" வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"கலா அக்கா" என்றாள் ஸ்டெல்லா. "ஸ்டோர்ல எங்களுக்கு சேஃப்டி ஷூ எடுத்துக் குடுக்கறவங்க. கம்பெனியில எல்லார் கால் சைஸும் அவங்களுக்குத் தெரியும்."

டேவிட் பெரிதாக மூச்சு விட்டான். சிரித்தேவிட்டான். நானும் கூடச் சிரித்தேன்.

"தோடா! பொம்பளைதானா? இதுக்கா இவ்ளோ பேஜாரு! சரி சரி, நீ பாட்டுக்கு வேலைக்குப் போ."

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"கலா அக்காவுக்குப் பதிலா ஒரு ஆம்பள என் சீட்ட எடுத்திருந்தா? நான் இன்னா தப்பு பண்ணியிருப்பேன், சொல்லு?"

டேவிட் என்னைப் பார்த்தான். நான் செடியைப் பார்த்தேன்.